ரெண்டாவது காசு எங்கே?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை எடுத்துட்டு, படிக்க வசதியா கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கேன்.)

போன பொங்கலுக்கு ஊருக்கு, கல்லாவிக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உட்கார்ந்திருந்தப்போ மாமா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து பாயில கவுத்தாரு. முழுக்கக் காசு.

"மாப்ள, நீதான் காசு சேக்கிறவனாச்சே. இதுல எது எவ்ளோ போவும்னு பார்த்துச் சொல்லு. சித்திரைக்குள்ள போர் போட்டாவணும். மாஞ்செடிக்குத் தண்ணி இல்ல."

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. ஆனா அது விளையாட்டில்லைன்னு அடுத்த நிமிஷமே தெரிஞ்சுது. போனை எடுத்து ஒரு வாட்ஸப் மெசேஜைக் காட்டினாரு. வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் காசை ஒருத்தர் சில லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கிறதாச் சொல்லியிருந்தாரு. ரிசர்வ் வங்கி முத்திரை வச்ச ஒரு கடிதமும் கூடவே வந்திருந்துது. 'பதிவுக் கட்டணம்' மட்டும் முதல்ல கட்டணுமாம். மாமா அன்னைக்குச் சாயங்காலம் கட்டுறதா இருந்தாரு.

அந்த டப்பாவை வச்சே இன்னைக்கு எபிசோடைப் பேசிடலாம்னு நினைக்கிறேன். அரிய காசு தேடுறது ஏன் இவ்வளவு கஷ்டம்? பணம் இல்லைங்கிறது அதுல சின்ன காரணம்தான். கையில இருக்கிறது அரிசா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, அதுதான் உண்மையான சிக்கல்.

முதல்ல அந்த அஞ்சு ரூபாய்

அதை முடிச்சுட்டு மத்ததுக்குப் போவோம். வைஷ்ணவ தேவி காசு 2012ன்னு வருஷம் போட்டு வந்தது. கோயில் வாரியத்தோட வெள்ளி விழாவுக்காக வெளியிட்டாங்க. அஞ்சு ரூபாயிலயும் பத்து ரூபாயிலயும் உண்டு. நினைவு நாணயம்தான், ஆனா புழக்கத்துக்காகவே அடிச்சது. பஸ்ல சில்லறையா எனக்கே வந்திருக்கு. அரிய காசு இல்லை.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரு எச்சரிக்கை வெளியிட்டுச்சு. பழைய நோட்டு, காசு வாங்கி விக்கிற எந்த வேலையிலயும் நாங்க இல்லை, அதுக்குக் கட்டணமோ கமிஷனோ எங்க பேர்ல யாரும் வாங்க முடியாது, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கலைன்னு சொன்னாங்க. அந்த அறிக்கையை மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். முகம் சுருங்கிடுச்சு. "அப்போ டிவியில காட்டினதெல்லாம்?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியல. சில காசுங்க நெஜமாவே பெரிய விலைக்குப் போகுது. ஏமாத்துறவங்க அந்த உண்மையைத்தான் மூலதனமா வச்சுக்கிறாங்க.

வெரைட்டின்னா என்ன?

ஓசூர் சிப்காட்ல பிரஸ் ஷாப் வேலை பார்க்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். தகடுல இருந்து வட்டமா ஒரு பிளாங்க் வெட்டி எடுக்கிறாங்க. மேல ஒரு டை, கீழ ஒரு டை, நடுவுல பிளாங்க். ஒரே அடி. தலைப்பக்கமும் பூப்பக்கமும் ஒரே நேரத்துல பதிஞ்சுடும். காசு அவ்வளவுதான்.

டை தேயும், விரிசல் விடும். அப்போ வேற டை மாத்துவாங்க. புது டையில எழுத்து ஒரு மயிரிழை தள்ளி இருக்கலாம், ஒரு புள்ளி பெருசா இருக்கலாம். அந்த டையில அடிச்ச எல்லாக் காசுலயும் அதே வித்தியாசம் இருக்கும். இதுதான் வெரைட்டி. எரர் வேற. பிளாங்க் சரியா உட்காராம ஒரு பக்கம் தள்ளி அடிச்சுட்டா, அது அந்த ஒரு காசுக்கு நடந்த விபத்து.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டு. யாராவது வந்து "ஒரு தடவை ஆப் நின்னு போச்சு"ன்னா, முதல் கேள்வியே "திரும்ப வரவைக்க முடியுமா?"தான். திரும்ப வந்தாத்தான் அது பக். இல்லைன்னா நெட்வொர்க்கா இருக்கலாம், போனா இருக்கலாம், விரலாக்கூட இருக்கலாம். காசுலயும் அதே கதை. ஒரு காசுல ஏதோ வித்தியாசமா தெரிஞ்சா, அதே இடத்துல அதே வித்தியாசத்தோட ரெண்டாவது காசு கிடைக்கணும். கிடைச்சா அது டையில இருந்து வந்தது. கிடைக்கிற வரைக்கும் அது அடிபட்ட காசாவும் இருக்கலாம்.

இதுலதான் இந்தப் பொழுதுபோக்கோட வேதனையே இருக்கு. எது உண்மையிலேயே அரிசோ, அதோட ரெண்டாவது காசும் அரிசாத்தானே இருக்கும்?

இல்லாததை எப்படிப் பார்க்கிறது?

டப்பாவுல ஒரு ரூபாய் நிறைய இருந்துது. வருஷத்துக்குக் கீழ பாருங்கன்னு மாமா கையில லென்ஸைக் கொடுத்தேன். வைரம் மாதிரி இருந்தா மும்பை. நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத். சின்ன புள்ளி இருந்தா நொய்டா. அந்த நாணயச்சாலை 1988ல வந்தது. எதுவுமே இல்லைன்னா கொல்கத்தா.

"எதுவுமே இல்லைன்னா கொல்கத்தா"ங்கிற இடத்துலதான் ஆரம்பத்துல எல்லாரும் விழுவாங்க, நானும் விழுந்தேன். நொய்டா காசு இருபது வருஷம் பாக்கெட்டுல உரசினா புள்ளி தேஞ்சு போயிடும். இல்லைன்னா அடிக்கும்போதே டையில அந்தக் குழிக்குள்ள எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அடைச்சு, புள்ளி பதியாமலே வெளிய வந்திருக்கும். பார்த்தா கொல்கத்தா மாதிரியே இருக்கும். ஒரு குறி இருக்குன்னு நிரூபிக்க ஒரு காசு போதும். இல்லவே இல்லைன்னு நிரூபிக்க, அந்த இடம் தேயாம தெளிவா இருக்கிற காசு வேணும்.

நான் கல்லூரி மூணாவது வருஷம் படிக்கும்போது, "குறி இல்லாத அரிய காசு"ன்னு ஒருத்தர் சொன்னதை நம்பி ஒரு மாசச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்து ஒண்ணு வாங்கினேன். பிறகு மைக்ரோஸ்கோப்புல பார்த்தப்போ வருஷத்துக்குக் கீழ தேஞ்சுபோன ஒரு மேடு தெரிஞ்சுது. அந்தக் காசை இன்னும் வச்சிருக்கேன். எனக்கு வாத்தியார் அதுதான்.

குறி இருந்தாலும் வேலை முடியாது. 1980கள்ல நாட்டுல சில்லறைத் தட்டுப்பாடு வந்தப்போ அரசாங்கம் வெளிநாட்டுலயும் காசு அடிச்சு வாங்குச்சு. 1985ஆம் வருஷத்து ஒரு ரூபாயை எடுத்துக்கங்க. ஆங்கில 'எச்' எழுத்து இருந்தா பர்மிங்காம் ஹீட்டன் நாணயச்சாலை. வைரம் வருஷத்துக்கு நடுவுல கீழ இருந்தா மும்பை. அதே வைரம் வருஷத்தோட முதல் எண்ணுக்கு, அதாவது அந்த 1க்குக் கீழ இருந்தா, இங்கிலாந்து பக்கத்துல வேல்ஸ்ல இருக்கிற லாண்ட்ரிசண்ட். ஒரே குறிதான், இடம் மாறினா நாடே மாறிடுது. இவை பெரிய அரிசும் இல்லை, பெரிய விலையும் இல்லை. ஆனா கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. மாமா டப்பாவுல மூணு 1985 இருந்துது. மூணும் மும்பைதான்.

ரெட்டையாத் தெரியறதெல்லாம் ரெட்டை இல்லை

ஒரு ரெண்டு ரூபாய்ல எண் ரெண்டு தடவை பதிஞ்ச மாதிரி நிழலடிச்சுது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தாரு. இது தேடுறவங்களை அதிகமா ஏமாத்துற விஷயம்.

டை தயாரிக்கும்போதே உருவம் ரெண்டு தடவை கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பதிஞ்சிருந்தா, காசுல ரெண்டு உருவமும் உருண்டையா, முழுசா, ஓரம் பிரிஞ்சு தெரியும். அது டபுள் டை, சேகரிக்கிறவங்க தேடுறது. இன்னொண்ணு, அடிச்ச கையோட டை தளர்ந்து லேசா உரசுறது. அப்போ எழுத்தோட ஓரம் மழுங்கி, படிக்கட்டு மாதிரி தட்டையா ஒரு விளிம்பு வரும். எழுத்து பெருசாகாது, உள்ள மெலிஞ்சுதான் போகும். அதுக்கு மதிப்பு கிடையாது. மாமா காசுல இருந்தது தட்டை விளிம்பு.

பிரஸ் ஷாப்ல வேலை பார்க்கிற நண்பன்கிட்ட பிறகு படத்தைக் காட்டினேன். ஒரு வினாடிதான் பார்த்தான். "டை லூஸுடா"ன்னான். நான் ஒரு வருஷம் படிச்சுக் கத்துக்கிட்டது.

அடிச்சது எத்தனை, மிஞ்சினது எத்தனை?

"அப்போ எதுதான்டா அரிசு?"ன்னு மாமா கேட்டாரு. நியாயமான கேள்வி.

குறைவா அடிச்சது மட்டும்தான் அரிசுன்னு நினைக்கிறோம். அடிச்ச கணக்கும் மிஞ்சின கணக்கும் வேற வேற. 1939ஆம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைப் பாருங்க. இந்தியக் காசு சேகரிக்கிறவங்க எல்லாரும் தேடுற காசு அது. 11.66 கிராம் எடை, அதுல 91.7 சதவீதம் வெள்ளி. அந்தத் தரத்துல வந்த கடைசி வருஷம். இரண்டாம் உலகப்போர் தொடங்கிடுச்சு. 1940ல ரூபாய்ல வெள்ளியைப் பாதியாக் குறைச்சாங்க. மக்கள் நல்ல வெள்ளியைப் பதுக்க ஆரம்பிச்சாங்க. பழைய தரத்து ரூபாயை அரசாங்கம் போர்க்காலத்திலேயே திரும்ப வாங்கிக்கிச்சு. 1939 காசு ஜனங்க கையில பரவி நிலைக்க நேரமே கிடைக்கல.

அதுக்கு முன்னாடி 1911ல ஒரு கூத்து நடந்துது. அஞ்சாம் ஜார்ஜ் அங்கியில இருந்த சின்ன யானை, பார்க்கிறதுக்குப் பன்னி மாதிரி இருக்குன்னு ஜனங்க கொந்தளிச்சாங்க. வெளியிட்டதை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிட்டு, 1912ல தும்பிக்கையைத் திருத்தி மறுபடியும் அடிச்சாங்க. இதுலயும் அடிச்சது நிறையத்தான், மிஞ்சினதுதான் கம்மி.

1939க்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறதால என்ன ஆகும்? 1938 காசுல கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கிடுவாங்க. எடை போட்டா ரெண்டும் ஒண்ணுதான், வெள்ளி அளவும் ஒண்ணுதான். தராசு உதவாது. அந்த ஒரு எண்ணைச் சுத்தி உலோகம் சுரண்டின தடம் இருக்கான்னு பெருசாக்கிப் பார்க்கணும். உண்மையான 1939ஓட 9 எப்படி வளையும்னு தெரிஞ்சிருக்கணும். அதுக்கும் ஒப்பிட ஒரு நல்ல காசு வேணும். சுத்திச் சுத்தி ரெண்டாவது காசுக்கே வந்து நிக்கிறோம் பாருங்க.

தமிழ்நாட்டுல நம்ம கண்ணு முன்னாடி இதோட மறுபக்கமும் நடந்துது. பத்து ரூபாய் காசுல பத்து கோடு இருந்தா நல்லது, பதினஞ்சு இருந்தா போலின்னு ஒரு வதந்தி. கடைக்காரங்க வாங்கல, பஸ்லயும் வாங்கல. ரூபாய்க் குறி வர்றதுக்கு முன்னாடி வந்த காசுல பதினஞ்சு கோடு, பிறகு வந்ததுல பத்து கோடு. ரெண்டுமே அரசாங்கம் அடிச்சதுதான். 2018 ஜனவரி 17ல ரிசர்வ் வங்கி 14 வடிவத்துல பத்து ரூபாய் காசு இருக்கு, பதினாலும் செல்லும்னு அறிக்கை கொடுக்க வேண்டியதாச்சு. வெரைட்டின்னா என்னன்னு தெரியாதப்போ, ஒரு ஊர் சாதாரணக் காசைப் பொக்கிஷம்ங்கும், நல்ல காசைப் போலிங்கும்.

யானைக் காசு

டப்பாவுக்கு அடியில துணியில முடிஞ்ச ஒரு செப்புக் காசு இருந்துது. எனக்கு உடனே அடையாளம் தெரிஞ்சுது. மாமாவோட பாட்டி சுருக்குப்பையில இருந்து வந்த காசு. ஒரு பக்கம் யானை.

எங்க பகுதிக்குப் பழைய பேரு பாரமகால். 1792ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில கம்பெனிக்குப் போற வரைக்கும் இது திப்பு சுல்தான் ஆட்சியில இருந்துது. அதனால யானைக் காசு எங்க பக்கத்து வீடுகள்ல அங்கங்க இருக்கும். ஆனா யானைன்னாலே திப்பு கிடையாது. திப்புவுக்குப் பிறகு வந்த மைசூர் மூணாம் கிருஷ்ணராஜ உடையார் காசுலயும் யானை உண்டு. யானைக்கு மேல சூரியன், சந்திரன், கன்னடத்துல 'ஸ்ரீ' இருந்தா அது உடையார் காசு. திப்பு காசுன்னா மறுபக்கம் நாணயச்சாலை பேரு பாரசீகத்துல இருக்கும். பட்டன்னா ஸ்ரீரங்கப்பட்டணம். நகர், பெங்களூர், குத்தின்னு பல ஊர்ல அடிச்சிருக்காங்க.

வெரைட்டி தேடுறவங்களுக்கு இது கடல். ஊர் மாறும், வருஷம் மாறும். யானை இடப்பக்கம் பார்க்கும், வலப்பக்கம் பார்க்கும். வால் தூக்கியிருக்கும், தொங்கும். கடைசி சில வருஷத்துக் காசுல யானைக்கு மேல ஒரு அரபு எழுத்தும் சேரும். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த ஹெண்டர்சன் இதையெல்லாம் ஊர்வாரியாப் பிரிச்சு 1921லேயே புத்தகமாப் போட்டுட்டார். இன்னைக்கும் தேடுறவங்க அதைத்தான் திறக்கிறாங்க.

திப்பு ஒரு கட்டத்துல ஆண்டுக்கணக்கை 'மௌலூதி'ன்னு தன்னோட கணக்குக்கு மாத்தினார். அந்தக் காசுல வருஷத்தை வலமிருந்து இடமா எழுதியிருக்கும். 1215ஐ நாம படிச்சா 5121. 1221 மட்டும் எந்தப் பக்கம் இருந்து படிச்சாலும் 1221தான். எங்க இன்டர்வியூ கேள்வி மாதிரி இருக்குன்னு நான் சிரிச்சிருக்கேன்.

இன்னொரு சிக்கல், இது கையால அடிச்ச காசு. செப்புத்துண்டு டையைவிடச் சின்னதா இருந்தாலோ, சுத்தியல் தள்ளி விழுந்தாலோ ஊர்ப்பேரு வெளியே போயிடும். அதனால ஒரு காசுல வருஷம், இன்னொண்ணுல ஊர், மூணாவதுல யானையோட வால்னு துண்டு துண்டாச் சேர்த்துத்தான் ஒரு டையோட முழு முகம் கிடைக்கும்.

மாமா காசுல யானை வலப்பக்கம் பார்க்குது. மேல சூரியன், சந்திரன் இல்லை. வருஷத்துல நடுவுல இருக்கிற ரெண்டு 2 மட்டும் தெரியுது. அப்போ 1220கள், நம்ம கணக்குல 1792க்கும் 1799க்கும் நடுவுல. அதாவது எங்க ஊர் திப்பு கையை விட்டுப் போன பிறகு அடிச்ச காசு. எல்லை தாண்டி வந்திருக்கு. இன்னைக்குத் தினமும் ஓசூர்ல இருந்து பெங்களூர் போய் வர்றவங்க மாதிரி, காசும் போய் வந்திருக்கு.

"எந்த ஊர்ல அடிச்சது?"ன்னு மாமா கேட்டாரு.

காசைத் திருப்பினேன். மறுபக்கம் வழவழன்னு இருந்துது. எனக்குத் தொண்டை அடைச்சுது. ஏன்னா அதைத் தேய்ச்சது நான்தான்.

எட்டாவது படிக்கும்போது மாமா அதை எனக்குக் காட்டினாரு. கருப்பா, பச்சையா அழுக்குப் பிடிச்சிருந்துது. பளபளன்னு ஆக்கித் தர்றேன்னு புளியும் சாம்பலும் போட்டு அரைமணி நேரம் தேய்ச்சேன். குத்துவிளக்கு மாதிரி மின்னுச்சு. மாமா முதுகுல தட்டிக் கொடுத்தாரு. செம்பு மேல படிஞ்ச அந்தக் கருப்பு அழுக்கில்லை. இருநூறு வருஷமா உலோகத்தோட மேல்தோலே மாறி உண்டானது. மெலிஞ்சுபோன எழுத்து அந்தத் தோல்லதான் நிக்கும். புளியோட அமிலம் தோலைக் கரைச்சுது, சாம்பல் மிச்சத்தை உரசி எடுத்துடுச்சு. யானைப் பக்கம் மேடா இருந்ததால தப்பிச்சுது. ஊர்ப்பேரு போயிடுச்சு.

மாமாகிட்ட அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் காசையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. "விடு மாப்ள, அன்னைக்கு நீ கழுவாட்டி உங்க அத்தை கழுவியிருப்பா"ன்னாரு. உள்ள இருந்து அத்தை ஏதோ சொன்னாங்க, அது எடிட்ல போயிடுச்சு.

கேட்கிறவங்களுக்கு

பழைய காசு கையில இருக்கிறவங்களுக்கு நாலே விஷயம். கழுவாதீங்க. ஓரத்தைப் பிடிங்க, முகத்தைத் தொடாதீங்க. விக்கிறதுக்காக யார் முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீங்க, காசு வாங்க வர்றவர்தான் காசு கொடுக்கணும். நிலத்துல தோண்டும்போது புதையலாக் கிடைச்சா அது உங்க டப்பா விஷயம் இல்லை. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தா கலெக்டருக்குச் சொல்லியாகணும்.

தேட ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒண்ணுதான். அரிய காசை முதல்ல தேடாதீங்க. சாதாரணக் காசை நிறையப் பாருங்க. மளிகைக் கடைக்காரர்கிட்ட நோட்டைக் கொடுத்து ஒரு பை சில்லறை வாங்கி, வருஷம் வாரியா, குறி வாரியா பிரிங்க. ஆயிரம் சாதாரணக் காசு பார்த்த கண்ணுக்கு ஆயிரத்து ஒண்ணாவது காசு வேற மாதிரி இருந்தா தானாத் தெரியும். அப்போ உடனே சந்தோஷப்படாதீங்க, ரெண்டாவதைத் தேடுங்க.

மாமா பதிவுக் கட்டணம் கட்டல. அந்த நம்பரை நான் பிளாக் பண்ணிக் கொடுத்தேன். போருக்கு நானும் அக்காவும் கொஞ்சம் போட்டோம், மிச்சத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்துல கடன். டப்பாவுல இருந்த எல்லாத்தையும் சேர்த்தா அதோட முகமதிப்புக்கு மேல பெருசா எதுவும் தேறாதுன்னு எழுதியே கொடுத்துட்டேன்.

யானைக் காசு இப்போ என்கிட்ட இருக்கு. யானைப் பக்கத்தைப் படம் எடுத்து வச்சிருக்கேன். தும்பிக்கைக்குப் பக்கத்துல டையில விழுந்த ஒரு மெல்லிய விரிசல் கோடு மாதிரி தெரியுது. அதே விரிசலோட, மறுபக்கம் தேயாத இன்னொரு காசு எங்கேயாவது கிடைச்சா, பெரும்பாலும் ஊர்ப்பேரு தெரிஞ்சுடும். எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், எந்தக் காசுக் கண்காட்சிக்குப் போனாலும், முதல்ல யானையோட தும்பிக்கையைத்தான் பார்க்கிறேன். போன வாரம்கூட மாமா போன் பண்ணினாரு. போர்ல தண்ணி வந்துடுச்சாம். சொல்லி முடிச்சுட்டுக் கேட்டாரு: "ரெண்டாவது காசு கெடச்சுதா மாப்ள?"

இன்னும் இல்லை. அடுத்த எபிசோடில் பேசுவோம்.